லுட்கன் பாரில் பேசப்படாத பெயர்

வெரீனா லுட்கன் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் உடைத்ததில்லை. முட்டை தருவது சொந்தத் தங்கை. எந்தக் கோழி இட்டது என்பதுவரை சொல்லித்தான் தருவாள். ஆனாலும் வெரீனா சட்டியில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றாக விட்டு, மூழ்குகிறதா மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். "எம்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று தங்கை கேட்டால், "உம்மேல இருக்கு, கோழி மேல இல்ல" என்று பதில் வரும்.

தபால்காரர் வாழ்த்து அட்டைகளைப் படித்துவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறார் என்பது அவள் முடிவு. எதிர்க்கடை ராடமாகர் தன் பீரில் தண்ணீர் கலக்கிறார் என்பது இன்னொன்று. புதிதாக வந்த பாதிரியார் பிரசங்கத்தை எங்கிருந்தோ எடுத்து வாசிக்கிறார் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிச் சங்கதி மட்டும் உண்மையாகிப்போனது. அதுதான் வினையாயிற்று. பத்துத் தடவை சந்தேகப்பட்டு ஒரு தடவை பலித்தால் போதும், சந்தேகக்காரருக்கு ஆயுசுக்கும் தெம்பு வந்துவிடும்.

மினசோட்டாவில் செயின்ட் ஒத்மார் என்கிற அந்தச் சின்ன ஊரில் வெரீனாவும் அவள் புருஷன் வெர்ஜிலும் பார் நடத்தினார்கள். முன்னால் பார், பின்னால் சமையலறை, அதன் பின்வாசல் வழியாக ஏறினால் மாடியில் வீடு. பாருக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பொரித்த கோழி சாப்பிட அக்கம்பக்கத்து ஊரெல்லாம் அங்கே வரும். பிப்ரவரி கடைசி ஞாயிறன்று மட்டும் அந்த அறைக்குள் வேறு யாரையும் விடுவதில்லை. அன்று அங்கே ஐந்து பேர் கொண்ட புகழ் மண்டபக் குழு கூடும்.

மண்டபம் என்றதும் தூணும் கோபுரமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில் ஒரு நீளச் சுவர், அவ்வளவுதான். அந்த வட்டாரத்து ஊர் அணிகளில் பேஸ்பால் ஆடியவர்களில் ஆண்டுக்கு ஒருவர் படம் அந்தச் சுவரில் ஏறும். ஆடியவன் எவனும் காசு வாங்கி ஆடியவன் இல்லை. வாரம் முழுக்கப் பால் கறந்து, சோளம் விதைத்து, ஞாயிறு மதியம் சீருடை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தவர்கள். ஆனால் அந்தச் சுவரில் ஓர் ஆணிக்கு இருக்கிற மதிப்பு அங்கே மாதா கோவில் முன்வரிசைக்குக்கூடக் கிடையாது.

குழுவுக்கு இரண்டு வழக்கங்கள். முதலாவது, யார் பெயர் வந்தாலும் முதலில் கிழிப்பது. நல்லதைச் சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது, கெட்டதைச் சொல்லி அதையும் தாண்டி நிற்கிறானா பார் என்பது அவர்கள் கணக்கு. ஒருத்தனை நாலு பேர் கிழித்துத் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் ஓட்டு. இரண்டாவது வழக்கம் அதைவிட விசித்திரம். யார் தேறினானோ அவன் வீட்டுக்குக் குழுத் தலைவர் அன்றைக்கே போவார். வாழ்த்துச் சொல்லப் போகமாட்டார். அவனைப்பற்றி அறையில் பேசியதிலேயே மோசமான ஒன்றை அவன் முகத்துக்கு நேரே சொல்வார். பிறகுதான் கை குலுக்கல். ஊரார் பின்னால் பேசியதை எவனோ திரித்துச் சொல்லுமுன் நாமே சொல்லிவிடுவது மரியாதை என்று யாரோ ஒரு புண்ணியவான் தொடங்கிவைத்தது. தேறாதவன் வீட்டுக்கு யாரும் போவதில்லை, எதுவும் சொல்வதுமில்லை.

வெர்ஜில் அந்த ஊர் அணிக்கு இடது கையால் பந்து வீசியவர். பதினெட்டு வயதில் பந்து வீசும் மேட்டில் ஏறியவர், நாற்பதைத் தொட்டு, தோள் தூக்க முடியாமல் போனபோதுதான் இறங்கினார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் பெயர் அந்த அறையில் எழுந்ததில்லை. எழுந்து தோற்றதுகூட இல்லை. எழவே இல்லை. சமையலறைக்கும் அறைக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல் இருந்ததால் வெரீனாவுக்கு இது சத்தியமாகத் தெரியும்.

போன வருஷம் ஹார்லன் என்பவனைக் கிழித்தார்கள். கோழியைப் பொரித்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அதெல்லாம் ஹோம் ரன்னா?" என்று கேட்டார் தீவனக் கடை டுவேன். "அவங்க ஊர் வலது பக்க வேலி இருக்கிற லட்சணத்துக்கு என் பேத்தி எட்டி உதைச்சாலே பந்து அந்தாண்ட விழும்."

"வேலி கிட்டக்க இருந்தது அவன் குத்தமா?" இது மார்லிஸ், பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள், பல வருஷம் ஸ்கோர் எழுதியவள். "எல்லாப் பயலும் அதே வேலிக்குத்தானே அடிச்சான்? இவன் மட்டும்தானே தாண்டினான்?"

"தாண்டினான் சரி, ஓடினானா? தரையில பந்து உருண்டுச்சுன்னா முதல் பேஸுக்கு நடந்து போவான் மார்லிஸ். கல்யாண மாப்பிள்ளை மாதிரி!"

"அவனுக்கு முட்டி வலி."

"முட்டி வலிக்குச் சனிக்கிழமை டான்ஸ் மட்டும் ஆகுமாக்கும்?"

அறை அதிரச் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து வெர்ஜில் பீர் கூஜாவோடு உள்ளே போனார். சிரிப்பு பாதியில் அறுந்தது. தலைவர் கிளீட்டஸ் தொண்டையைச் செருமி, "பனி இன்னும் ஒரு அடி விழும்ங்கறாங்க" என்றார். எல்லோரும் பனியைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். வெர்ஜில் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஹார்லனின் முட்டி மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

ஒவ்வொரு வருஷமும் இதேதான் நடந்தது. அவர் தலையைக் கண்டால் வாய் மூடும், தலை மறைந்தால் வாய் திறக்கும். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துப் பார்த்து வெரீனாவுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கள்ளத்தனம் இல்லாதவன் எதற்குப் பேச்சை மாற்றுகிறான்? இந்தக் குழுவில் ஒருவன் வெர்ஜிலின் பெயரை எழவிடாமல் அமுக்கிவைத்திருக்கிறான். யார் என்பது மட்டும்தான் பாக்கி.

டுவேனாக இருக்கலாம். சின்ன வயதில் அவன் நடனத்துக்குக் கூப்பிட்டபோது அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கே வெர்ஜிலோடு ஆடினாள். மார்லிஸாக இருக்கலாம். திருவிழாவில் ஆப்பிள் பை போட்டியில் வெரீனாவின் பைக்குப் பரிசு கிடைத்த நாளிலிருந்து அவள் சிரிப்பில் பல் தெரிந்ததில்லை. ஆனால் எல்லாரையும்விட மேலாகச் சந்தேகப்பட்டது கிளீட்டஸ் பிராண்டலைத்தான். அவர் பக்கத்து ஊர் கெசல் லேக் அணியின் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவர். ஒரு ஆட்டத்தில் அவர் மட்டை பிடித்து நின்றபோது வெர்ஜில் வீசிய பந்து அவருடைய இடது காதில் போய் அறைந்தது. அப்போதைய தலைக்கவசத்தில் காதை மூட ஒன்றும் கிடையாது. கை நழுவிவிட்டது என்று வெர்ஜில் அன்றைக்கே சொன்னார், தானே வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார். காது போனது போனதுதான். அதன் பிறகு பிடிக்காத பேச்சு எதுவாயிருந்தாலும் கிளீட்டஸ் அந்தக் காதைத் திருப்பிக்கொள்வது ஊரறிந்த தந்திரம்.

மனதில் வஞ்சம் வைத்திருப்பவனுக்கு வயிற்றில் என்ன போட வேண்டும் என்பது வெரீனாவின் கையில் இருந்தது. கிளீட்டஸ் தட்டுக்குக் கோழியின் கழுத்தும் முதுகும் போகும். டுவேனுக்கு ஆறிய காபி. மார்லிஸுக்குக் கருகின ஓரம். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும் என்று அதையும் அவள் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வெர்ஜில் இதைப்பற்றி வாய் திறந்ததில்லை. "அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு" என்று ஒருமுறை சொன்னார், அத்தோடு சரி. ஆனால் நாற்பத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு வாய் எதற்கு? வாரத்தில் மூன்று நாள் தாடியோடு திரிகிற மனிதர் அந்த ஞாயிறு காலை மட்டும் இரண்டு முறை சவரம் செய்வார். பேரன் ஞானஸ்நானத்துக்குத் தைத்த நீலச் சட்டையை எடுத்து மாட்டுவார். கூட்டம் முடிந்து அவர்கள் போகும்போது பார் ஜன்னல் பக்கமாக நின்று கண்ணாடிக் குவளையைத் துடைப்பார். கிளீட்டஸின் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, இந்த வருஷம் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே துடைப்பார். வண்டி மறைந்ததும் மாடிக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருவார். அதைப் பார்க்கிறபோது வெரீனாவுக்கு அந்த ஐந்து பேரையும் எண்ணெய்ச் சட்டியில் போட்டால் என்ன என்று தோன்றும்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெர்ஜிலுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் படியேறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். இதயத்தின் வால்வு தேய்ந்துவிட்டது, இந்த வயதில் அறுப்பது கஷ்டம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். என்னத்தைப் பார்த்துக்கொள்வது? வெரீனா பார்த்தது சுவரைத்தான். அந்தச் சுவரில் பாதிப் பேர் செத்த பிறகு ஏறியவர்கள். செத்தவனுக்கு மாலை போடுவதில் அந்த ஊரும் எந்த ஊருக்கும் இளைத்ததில்லை. தன் வீட்டுக்காரரின் படத்தைக் கறுப்பு உடையோடு நின்று வாங்க அவள் தயாராக இல்லை. ஒருநாள் காலை, கோழிக்கு மாவு கலந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கெசல் ஏரிக்குப் போனாள்.

ஏரி உறைந்து கல்லாகியிருந்தது. அதன் மேல் ஆள் உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கிற மரக்கூண்டுகள் தெருவாக நின்றன. கிளீட்டஸின் கூண்டு பச்சை நிறம். வெரீனா பனிக்கட்டி மேலேயே வண்டியை ஓட்டிப் போய், கதவைத் தட்டாமல் திறந்தாள். கிளீட்டஸ் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, பனியில் துளைத்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன அடுப்பு ஒன்று எரிந்தது.

"கதவைச் சாத்து வெரீனா, குளிர் உள்ள வருது. உக்காரு. வாளி இருக்கு."

"உக்கார வரல. அவர் பேரை அமுக்கறது யாரு? நீதானே?"

கிளீட்டஸ் இடது காதைத் திருப்பினார்.

"அந்தக் காதை எங்கிட்டக் காட்டாதே! அந்தக் காதாலதானே இத்தனையும்! கை நழுவினதுக்கு ஒரு மனுஷனை முப்பது வருஷமா வச்சுப் பழி வாங்குவியா? அவர் மாடிப்படி ஏற முடியாம பாதியில நிக்கறார். நல்லாயிருப்பியா நீ?"

கிளீட்டஸ் தூண்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். நல்ல காதை அவள் பக்கம் திருப்பினார்.

"யாரும் அமுக்கல. யாரும் எடுக்கல, அவ்ளோதான்."

"ஏன் எடுக்கல? அவர் மனுஷன் இல்லையா? மாடு மேய்ச்சுட்டு வந்தவனெல்லாம் சுவத்துல தொங்கறான்!"

"நாங்க எங்க உக்காந்து பேசறோம் வெரீனா?"

"எங்க கடையில."

"பீர் யாரு கொண்டாந்து வைக்கறது?"

"அவர்தான். அதுக்கென்ன இப்போ?"

"ஒருத்தன் பேரை எடுத்தா அவனைக் கிழிக்கணும். கிழிக்காம ஓட்டில்ல. வெர்ஜில் கையால பீரை வாங்கிக் குடிச்சுட்டு, உன் கோழியத் தின்னுட்டு, அவன் வீட்டுக் கூரைக்குக் கீழ உக்காந்து, 'வெர்ஜிலுக்குப் பந்தை எங்க போடறதுன்னே தெரியாது, பாதிப் பேரை அடிக்காமலே முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விட்டான்'னு எவன் பேசுவான்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா? அவன் கதவைத் திறந்து வருவானோன்னு வேற பயம். மத்தவனைப் பேசறதையே அவன் வந்தா நிறுத்திடறோம். அவன் முன்னாடி அந்தப் பேச்சே அசிங்கமா இருக்கு."

வெரீனா வாளியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அமைதியெல்லாம், அந்தப் பனிப்பேச்சு எல்லாம் ஒரு நொடியில் வேறு முகம் காட்டியது. ஆனால் சந்தேகக்காரி அவ்வளவு சுலபத்தில் விடுவாளா?

"அப்போ வேற எடத்துல கூட வேண்டியதுதானே?"

"எங்க? ராடமாகர் கடையிலயா?" கிளீட்டஸ் சிரிக்கவில்லை. "வெர்ஜிலோட அப்பா காலத்துல இருந்து உங்க கடை. அங்க இருந்து எழுந்து எதிர்க்கடைக்குப் போனோம்னு வை, நீ எங்க முகத்துல முழிப்பியா? காரணத்தையும் சொல்ல முடியாது. சொன்னா அவனுக்கு ஓட்டுப் போடறோம்னு வாக்குக் குடுத்த மாதிரி ஆயிடும். வேற எடம் போலாம்னு டுவேன்கூட ஒருதரம் சொன்னான். அப்புறம் எல்லாருமா யோசிச்சு..." அவர் நிறுத்தினார்.

"யோசிச்சு?"

"அவன் காலத்துக்கப்புறம் நிதானமாப் பேசிக்கலாம்னு."

வெரீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வஞ்சம் வைத்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மரியாதைக்காக ஒரு மனிதன் சாகட்டும் என்று காத்திருக்கிறார்களே, இந்த ஜனங்களை என்ன செய்வது?

"எருமைங்களா" என்றாள். "அஞ்சு எருமை." எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள். "இத்தனை வருஷமா உனக்குக் கழுத்துத் துண்டுதான் போட்டேன். ஏன்னு கேக்கவே இல்லையே நீ?"

"கோழி பத்தலை போலன்னு நினைச்சேன்" என்றார் கிளீட்டஸ்.

வீடு திரும்பிய வழியெல்லாம் அவள் யோசித்தாள். வேறு இடம் என்றால் ராடமாகர்தான். தீயணைப்புக் கொட்டகையில் அந்தக் குளிரில் மனிதர் உட்கார முடியாது. கோவில் அடித்தளத்தில் பீர் கிடையாது, பீர் இல்லாமல் அந்த ஐந்து பேரும் வாய் திறக்கமாட்டார்கள். தண்ணீர் கலந்த பீருக்குத் தன் கையாலேயே கூட்டத்தை அனுப்ப வேண்டும். ஆனால் அந்த நீலச் சட்டை கண்ணில் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கிளீட்டஸுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "பொரிக்கிற மெஷின் கெட்டுப்போச்சு. இந்த ஞாயித்துக்கிழமை கோழி கிடையாது. எங்கயாவது போய்த் தின்னுங்க. எதிர்ல கூட ஒரு கடை இருக்குன்னு கேள்வி."

"மெஷின்னா கெடத்தான் செய்யும்" என்றார் கிளீட்டஸ்.

ஞாயிறு காலை வெர்ஜில் சவரம் செய்யவில்லை. எண்ணெய் மெஷினுக்கு முன்னால் முழங்காலிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விசில் அடித்தது. வெரீனா வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"விடேன். நாளைக்கு ஆளைக் கூப்பிட்டுக்கலாம்."

"கூப்பிடலாம்" என்றார் வெர்ஜில். மெல்ல எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் மெஷினின் ஒயர் இருந்தது, அதன் நுனியில் பிளக் ஆடிக்கொண்டிருந்தது. "ஆளு வந்து இதைச் சுவத்துல சொருகிட்டுப் போவான். வெரீனா, என்ன பண்ணியிருக்க?"

அவள் சொல்லிவிட்டாள். ஏரிக்குப் போனது, வாளியில் உட்கார்ந்தது, கிளீட்டஸ் சொன்னது எல்லாம். 'அவன் காலத்துக்கப்புறம்' என்றதை மட்டும் விழுங்கிக்கொண்டாள். அவர் ஒயரைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தார். கோபப்படவில்லை. சட்டென்று சிரித்தார்.

"ராடமாகர் கடையிலயா? நீயா அனுப்பின?"

"நான்தான்."

அவர் மேலே போனார். படி பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறும் சத்தம் கேட்டது. கீழே வந்தபோது முகம் மழமழவென்று இருந்தது. மேலே நீலச் சட்டை.

மதியம் தெருவுக்கு அந்தப்பக்கம் ஐந்து வண்டிகளும் வந்து நின்றன. கிளீட்டஸ் இறங்கும்போது லுட்கன் பாரின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் காலி பாரில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள். கோழி இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வருவார்கள்?

"இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார் வெர்ஜில்.

"என்ன பேசுவாங்க?"

"வைக்கோல் கதையை எடுப்பான் டுவேன்." ஒரு முக்கியமான ஆட்டத்தில் பாதியில், மழை வருகிறது என்று அப்பா வந்து கூப்பிட்டார், வெர்ஜில் பந்தைக் கொடுத்துவிட்டு வைக்கோல் கட்டப் போய்விட்டார். அணி தோற்றது. "மார்லிஸ் நான் சும்மா நடக்கவிட்ட ஆளுங்களைச் சொல்லுவா. அவ எழுதினவளாச்சே."

"வைக்கோல் நனைஞ்சா மாடு எதைத் தின்னும்? அதைச் சொல்ல அங்க ஒருத்தர் இருக்காங்களா?"

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க."

வெரீனா எதிர்ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி முழுக்க நீராவி. உள்ளே ஒரு கை உயர்வதும் தாழ்வதும் நிழலாகத் தெரிந்தது. இத்தனை நேரம் என்ன பேச்சு? ஹார்லனுக்கு இதில் பாதிகூட ஆகவில்லையே! ராடமாகர் உள்ளே போய் ஏதாவது ஊதிவிடுகிறானா? இல்லை, கிளீட்டஸ் ஏரியில் சொன்னதே பொய்யா?

அப்போதுதான் இதுவரை வராத ஒரு சந்தேகம் அவளுக்கு வந்தது. இத்தனை வருஷம் டுவேனைச் சந்தேகப்பட்டாள், மார்லிஸை, கிளீட்டஸை, ஊரையே சந்தேகப்பட்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரைச் சந்தேகப்பட்டதில்லை. அவர் பெயர் எழுந்தால் ஏறிவிடும் என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை. இப்போது பெயர் எழுந்துவிட்டது. எழுந்து தோற்றுவிட்டால்? இதுவரைக்கும் யாரோ அமுக்குகிறார்கள் என்று ஓர் ஆறுதலாவது இருந்தது. அதையும் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டாளோ?

"வெர்ஜில், நெஜத்தைச் சொல்லு. நீ நல்லா போட்டியா?"

அவர் யோசித்தார். கேள்வி நியாயமானது என்பதுபோலத் தலையாட்டினார்.

"சில ஞாயித்துக்கிழமை" என்றார்.

அவள் மேசை மேலிருந்த அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவிரல் கோணலாக இருந்தது, பந்து பிடித்துப் பிடித்து அப்படியே நின்றுபோனது. அந்தக் கோணல் விரலை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எதிர்க்கடைக் கதவு திறந்தது. டுவேன் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மார்லிஸ் வந்தாள். மற்ற இருவரும் வந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்காமல் வண்டியேறிப் போனார்கள். கடைசியாகக் கிளீட்டஸ் வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையுறையை மாட்டினார். தெருவைக் கடப்பார் என்று வெரீனா பார்த்தாள். அவர் கடக்கவில்லை. வண்டியில் ஏறி, முனைக்குப் போய், திரும்பி மறைந்தார்.

வெர்ஜில் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். துடைப்பதற்குக் குவளை ஒன்றுமில்லை. அன்று யாரும் குடித்திருக்கவில்லை. நீலச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "நான் மேல போய்..." என்று எழுந்தார்.

"போகாதே" என்றாள் வெரீனா.

அவர் சமையலறைக்குள் போய்ப் படிப்பக்கம் திரும்பியபோது பின்வாசல் கதவு தட்டப்பட்டது.

வெரீனா ஓடினாள். பின்வாசல் என்பது வாடிக்கையாளர் வருகிற வாசல் இல்லை, அது வீட்டு வாசல். கதவைத் திறந்தால் கிளீட்டஸ் நின்றார். வண்டியைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். புருவமெல்லாம் பனி, முகம் மரக்கட்டை. அவளைப் பார்க்காமல், படியடியில் நின்றிருந்த வெர்ஜிலைப் பார்த்தார்.

"வெர்ஜில், நீ அந்தப் பந்தை வேணும்னேதான் என் காதுல போட்ட."

யாராவது தன் புருஷனை இப்படி முகத்துக்கு நேரே பேசினால் வெரீனா கரண்டியை எடுத்திருப்பாள். இப்போது கதவுப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் திட்டு, இன்னும் திட்டு என்று மனசு கெஞ்சியது.

"நழுவிடுச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே கிளீட்டஸ்" என்றார் வெர்ஜில்.

"அன்னைக்கும் நான் நம்பல. இன்னைக்கும் நம்பல. அங்க இதை எடுத்துப் பேசினவனும் நான்தான்." கிளீட்டஸ் கையுறையைக் கழற்றினார். "முதல்ல கையைத் தூக்கினவனும் நான்தான். கையைக் குடுடா."

வெர்ஜில் இடது கையை நீட்டினார். பிறகு தப்பு என்று வலது கையை நீட்டினார். கிளீட்டஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கிழவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெரீனா அழுதாள். மறைக்கவில்லை, துடைக்கவுமில்லை. மெஷின் மேல் சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்து, பிளக்கைச் சுவரில் சொருகினாள். எண்ணெய்க்குள் மெல்ல ஒரு முனகல் எழுந்தது.

"சூடாக கொஞ்ச நேரம் ஆகும். உக்காரு" என்றாள். குளிர்பெட்டியைத் திறந்து, கழுத்தையும் முதுகையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இருந்ததிலேயே பெரிய மார்த்துண்டை எடுத்து மாவில் புரட்டினாள். பாதியில் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சு பேருமா கையைத் தூக்கினாங்க?"

"நாலு பேரு."

"அஞ்சாவது யாரு?"

கிளீட்டஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.